ரவுண்ட் மவுண்டனில் நெருப்பு அகேட்: தேடும் இடத்திலேயே கல்லை அறிவது எப்படி?

கேள்வி

பீனிக்ஸில் வசிக்கும் நான், வரும் நவம்பரில் அரிசோனாவின் கிழக்கெல்லையில் டங்கன் ஊருக்குத் தெற்கே உள்ள ரவுண்ட் மவுண்டனுக்கு, உள்ளே நெருப்புப்போல் நிறம் மின்னும் நெருப்பு அகேட் என்னும் மணிக்கல்லைத் தேடிச் செல்ல எண்ணியிருக்கிறேன். சென்ற ஆண்டு சாஃபோர்டுக்கு அருகிலுள்ள பிளாக் ஹில்ஸில் நாள் முழுவதும் குனிந்து பொறுக்கியும், வீட்டுக்கு வந்து கழுவியபோது பை நிறைய வெறும் வெண்ணிறக் கால்செடனிதான் (நுண்படிகக் குவார்ட்ஸ் கல்) இருந்தது. நிறம் உள்ளே மறைந்திருக்கும் கல்லை அங்கேயே கண்டறிய வழி உண்டா? சுத்தியலால் உடைத்துப் பார்க்கலாமா?

பதில் 1

உடைக்காதீர்கள். திராட்சைக் கொத்துப்போல் புடைத்து வளர்ந்த கால்செடனியின் அடுக்குகளுக்கிடையே மிக மெல்லிய இரும்பு ஆக்சைடு படலங்கள் படிந்திருப்பதால், அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டுப் பச்சையும் செம்பொன்னுமாக மின்னுகிறது. சுத்தியலின் அடி ஒன்று தவறிப் பட்டாலும் அந்தப் படலமே சிதறிவிடும். (கொடுமணலில் கிடைத்த சூதுபவள மணிகளும் கால்செடனிதான், அவற்றில் இரும்பு ஆக்சைடு கல் முழுவதும் பரவிச் சிவப்பாக்கியிருக்கிறது.) ஆகவே வெள்ளையை விட்டுவிட்டு, பழுப்பு நிறம் உள்ளே தெரியும் புடைப்புக் கற்களை மட்டும் எடுத்து, நீர் தெளித்து, வெயிலில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். காலையில் சூரியன் தாழ்ந்திருக்கும்போது அதை நோக்கி நடந்தால், ஒளி ஊடுருவும் கற்கள் தரையில் தாமாகவே பளிச்சிடும். மழைநீர் அரித்த ஓடைச் சரிவுகளையும் விடாதீர்கள்.

பதில் 2

சுத்தியலே வேண்டாம் என்பதை நான் ஏற்கமாட்டேன். எரிமலைப் பாறையின் வெடிப்புகளில் நரம்புபோல் பதிந்திருக்கும் கல்லை எடுக்கச் சுத்தியலும் உளியும் தேவை. ஆனால் கல்லைச் சுற்றியுள்ள பாறையில் அடிக்க வேண்டுமே தவிரக் கல்லில் அன்று. கால்செடனிச் சில்லு கண்ணாடியைப்போல் வெட்டும் என்பதால் கண்காப்புக் கண்ணாடி அணியுங்கள்.

வீட்டில் பட்டை தீட்டும்போதும் கல்லைத் தட்டையாக அறுக்காமல், புடைப்பின் வளைவையே பின்பற்றி நுண்ணிய வைரச் சக்கரத்தில் தேயுங்கள். நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். இன்னும் சற்றுத் தேய்த்தால் கூடுதலாக மின்னும் என்ற ஆசையில் படலத்தைக் கடந்து, நல்ல கல் ஒன்றை வெறும் பழுப்புக் கல்லாக்கியவன் நான்.

பதில் 3

பயணத்தைப் பற்றிச் சில சொற்கள். தரையிலிருந்து உயரமான வண்டியும் கூடுதல் டயரும் இல்லாமல் ரவுண்ட் மவுண்டனுக்குச் செல்லும் மண்பாதையில் இறங்காதீர்கள். அங்கே குடிநீர் கிடையாது. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்குக் குறையாமல் எடுத்துச் செல்லுங்கள். கைப்பேசிச் சமிக்ஞையை நம்பாமல், திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். நவம்பரைத் தேர்ந்தது நல்லது: கோடை மழைக்காலத்தில் வறண்ட ஓடையும் திடீரென வெள்ளம் பெருக்கும். இதமான வெயிலடிக்கும் நாளில் கிலுகிலுப்பைப் பாம்பு அப்போதும் வெளியே வரக்கூடும் என்பதால், கண்ணுக்குத் தெரியாத பாறையிடுக்கில் கைவிட வேண்டாம்.

ரவுண்ட் மவுண்டன், அமெரிக்கக் கூட்டரசின் நில மேலாண்மைப் பணியகம் கல் சேகரிப்போருக்கென ஒதுக்கிய இடம். சொந்தப் பயன்பாட்டுக்கு அளவோடு எடுக்கலாம், விற்பதற்கு எடுக்கக் கூடாது. பழங்குடியினர் செதுக்கிய அம்புமுனை போன்ற எதுவும் கண்ணில் பட்டால், கிடந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.