அவசரம்: முயல்கள் காலையில் நடுங்குகின்றன, பல்பு போடலாமா?

கேத்தி கேரட்:
இரண்டு முயல்கள், வெளியே கூண்டில். நேற்றும் இன்றும் காலையில் போய்ப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நடுங்குகின்றன, முதுகு முடியெல்லாம் ஈரம். இரவில் 100 வாட் குண்டு பல்பு போட்டு வைக்கலாமா? சீக்கிரம் சொல்லுங்கள், இன்றும் பனி கொட்டும் போல.

மலை அணில்:
எத்தனை மாதம்? கூண்டு மரமா, கம்பியா? எங்கே வைத்திருக்கிறீர்கள், மேலே என்ன மூடியிருக்கிறது? சாப்பிடுகின்றனவா? ஒன்றும் சொல்லாமல் பல்பை மட்டும் கேட்டால் எப்படி?

பழைய பண்ணையாள்:
வருடா வருடம் டிசம்பர் வந்தால் இதே கேள்வி. இந்தக் குழுவின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை கிடையாது. முயலுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை தம்பி. ஊட்டி சாண்டிநல்லா ஆராய்ச்சிப் பண்ணையில் ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா இன முயல்களெல்லாம் குளிரில்தான் வளர்கின்றன. வெயில் 30 டிகிரியைத் தாண்டினால்தான் அதற்கு ஆபத்து.

தேயிலைத்தூள்:
எல்லாம் தீவனத்தில் இருக்கிறது. கொண்டைக்கடலை ஊறவைத்துக் கொடுங்கள், உடம்பு சூடாகும்.

பழைய பண்ணையாள்:
கடலையைக் கொட்டினால் வயிறு உப்பும். காய்ந்த புல்லைத் தாராளமாகப் போடுங்கள், குளிர்காலத்தில் அது வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தின்னும்.

கொடை வாசி:
உறைபனி என்றாலே ஊட்டிதானா? கொடைக்கானல் பக்கம் மன்னவனூர் வந்து பாருங்கள், அங்கேயும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையத்தில் ஆட்டோடு முயலும் வளர்க்கிறார்கள்.

தேயிலைத்தூள்:
உங்கள் ஊரில் விழுவது நீர்ப்பனி. உறைபனி என்றால் எங்கள் ஊட்டியில் காந்தல், தலைகுந்தா பக்கம் விடிகாலையில் வந்து பாருங்கள், புல்லெல்லாம் உப்புத் தூவியது போல இருக்கும்.

கொடை வாசி:
அதே உப்பு எங்கள் ஏரி ஓரத்திலும் இருக்கிறது, புகைப்படம் அனுப்பட்டுமா?

கேத்தி கேரட்:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஒரு வயது, இரண்டும் பெண். சாப்பிடுகின்றன. கம்பிக் கூண்டு, அடியும் வலைதான், வீட்டுக்குக் கீழே ஓடையோரத் தோட்டத்தில் இருக்கிறது. பனி இறங்கக் கூடாதென்று நீலத் தார்ப்பாயை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறேன், உள்ளே பழைய கம்பளி போட்டிருக்கிறேன். இதற்கு மேல் என்ன செய்வது என்றுதான் பல்பைக் கேட்டேன்.

மலை அணில்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! விடிந்ததும் தார்ப்பாயின் உட்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். முயலின் மூச்சும் மூத்திர ஈரமும் வெளியே போக வழியில்லாமல் குளிர்ந்த பாயில் பட்டு, தண்ணீராகி முதுகில் சொட்டியிருக்கும். காய்ந்த முடி இருந்தால் அது குளிரைத் தாங்கும், நனைந்த முடியை வைத்துக்கொண்டு தாங்காது. உள்ளே மூக்கை எரிக்கும் நெடியும் இருந்தால் இன்னும் மோசம், தும்மல் ஆரம்பித்துவிடும்.

குளிர்காற்று கனமானது, சரிவில் இறங்கி ஓடையோரத்தில்தான் தேங்கும், அதனால் முதலில் கூண்டை மேலே சுவர் ஓரமாகக் கொண்டுவாருங்கள். காற்று அடிக்கும் பக்கமும் கூரையும் மட்டும் மூடினால் போதும், எதிர்ப்பக்கம் மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். கம்பளி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், எடுத்துவிடுங்கள். ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோலைத் திணித்துக் கூண்டுக்குள் வையுங்கள், அடி வலையில் பாதிக்குப் பலகை. வைக்கோல் மலைக்குக் கீழே சமவெளியிலிருந்து வரவேண்டும் என்றால் நன்றாகக் காய்ந்த புல்லே போதும். பல்பு வேண்டவே வேண்டாம், ஒயரைக் கடித்தால் கதை முடிந்தது, பக்கத்தில் காய்ந்த புல் வேறு.

தேயிலைத்தூள்:
பல்பு வேண்டாம் என்றால் கூண்டுக்கடியில் ஒரு சட்டி கரி நெருப்பு?

மலை அணில்:
ஐயோ, கரிப்புகை முயலையும் கொல்லும், ஆளையும் கொல்லும். அவ்வளவு பயமாக இருந்தால் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றிப் பெட்டியில் வையுங்கள். காலையில் குடிநீர் உறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

பழைய பண்ணையாள்:
நானும் இதைத்தான் சொல்ல வந்தேன். குளிர் பிரச்சினை இல்லை என்று முதலிலேயே சொன்னேனே.

கேத்தி கேரட்:
பாய் உள்ளே சொட்டச் சொட்ட ஈரம். மாடிப்படிக்குக் கீழே மாற்றிவிட்டேன், இன்று காலை முடி காய்ந்திருந்தது. ஒன்று மட்டும் பெட்டிக்குள் போகாமல் பெட்டி மேலேயே உட்கார்ந்திருக்கிறது. நன்றி.

மலை அணில்:
அது புழுக்கை போடுகிறதா? தீனி தொடாமல் புழுக்கையும் போடாமல் அரை நாள் போனால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மலை அணில்:
இருக்கிறீர்களா?

கொடை வாசி:
புகைப்படம் கிடைத்துவிட்டது, தேயிலைத்தூள் எங்கே?