மழை விட்ட பிறகு வந்த தண்ணி: உங்கட அனுபவத்தையும் சொல்லுங்க

வெருகல்காரன்:

2025 நவம்பர் டிட்வா புயல் நேரம் எங்கட திருகோணமலைப் பக்கம் நடந்ததை எழுதிறன், நீங்களும் உங்கட கதையைக் கீழ போடுங்க.

புயல் கடந்து மழையும் விட்டுட்டு, லேசா வெயில்கூட எட்டிப் பாத்தது, நாங்களும் முத்தத்துல முறிஞ்சு கிடந்த முருங்கைக் கொப்பெல்லாம் இழுத்துப் போட்டுட்டு நனைஞ்ச உடுப்பைக் கொடியில விரிச்சம். அந்த நேரம் பாத்து ஜீ.எஸ் (கிராம சேவகர்) மோட்டச்சைக்கிள்ல வந்து எல்லாரும் எழும்புங்க, பள்ளிக்கூடத்துக்குப் போங்க என்டார். வானத்தைப் பாருங்க சேர் என்டு சிரிச்ச ஆக்கள்ல நானும் ஒருத்தன். வானத்தைப் பாக்காத தம்பி, மன்னம்பிட்டியைப் பாரு என்டுட்டு அடுத்த வளவுக்குப் போயிட்டார்.

அவர் சொன்னதுல விசயம் இருக்கு. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி வந்து எங்கட பக்கத்தாலதான் கடல்ல விழுது, வெருகல் ஆறும் அதுல பிரிஞ்சு வாறதுதான். கண்டியில பெஞ்சாலும் நுவரெலியாவுல பெஞ்சாலும் அம்பன் கங்கையால வந்தாலும் எல்லாத் தண்ணியும் எங்களுக்கு மேல ஆத்தங்கரையில இருக்கிற மன்னம்பிட்டியைத் தாண்டித்தான் எங்களிட்ட வரும், அதுக்கு நேரம் எடுக்கும், அந்த நேரம்தான் நமக்குக் கிடைக்கிற தவணை, அதுல நான் உடுப்புக் காயப்போட்டுக் கொண்டு நின்டனான்.

காப்பாத்தினது அப்பாட பழக்கம். ஆத்தோரத்து மருத மரத்துக்குக் கீழ தண்ணி விளிம்புல ஒரு கம்பை நட்டு, கத்தியால சாணுக்கு ஒரு வெட்டுப் போட்டு வைப்பார். நாலு மணிக்கு நட்டது, விளக்கு வைக்கிற நேரம் போய்ப் பாத்தா மூண்டு வெட்டு தண்ணிக்குள்ள. நிறமும் மாறிப் போச்சு, நுரை, வேரோட வாழை மரம் உருண்டு வருது. அப்பா ஒண்டும் பேசல்ல, நேரா போய் மாட்டுக் கயித்தை அவுத்து விட்டார். கட்டிப்போட்ட மாடு நீந்தாது.

நான் தூக்கினது டீவியை. அம்மாட பிரசர் குளிசையும் காணி உறுதியும் அலுமாரிக்குள்ள அப்படியே. 30ஆம் திகதி மாவிலாத்துக் கட்டும் உடைஞ்சது என்டு கேள்விப்பட்ட நேரம் நாங்க பள்ளிக்கூடத்து மேல் மாடியில, குளிசை இல்லாம அம்மாக்குத் தலை சுத்து.

மூதூர் தங்கச்சி:

உறுதி, ஐடென்டிகாட், கிளினிக் கொப்பி எல்லாத்தையும் மாரி துவங்கக்குள்ளேயே உம்மா ரெண்டு சிலிபேக்குல (பொலித்தீன் பை) சுத்தி அரிசி வாளிக்குள்ள வச்சிருவா. மூடி இறுக்கினா வாளி மிதக்கும், அதான் கணக்கு. தண்ணி வத்தி வீட்டுக்குப் போகக்குள்ள கவனம், எங்கட மெத்தைக்குக் கீழ புடையன் பாம்பு சுருண்டு கிடந்தது. கிணத்தை இறைச்சு குளோரின் போடாம குடிக்காதீங்க, வயலுக்குள்ள இறங்கிற ஆக்கள் பீ.எச்.ஐட்ட (சுகாதாரப் பரிசோதகர்) கேட்டு எலிக்காய்ச்சல் குளிசை எடுங்க, காய்ச்சல் வந்த பிறகு ஓடாதீங்க.

தம்பலகாமத்தான்:

கந்தளாய்க் குளம் உடைஞ்ச கதை எங்கட அம்மா சொல்லுவா. 1986 ஏப்ரல் 20, விடியச் சாமம். மாரியே இல்ல பாருங்க, ஒருத்தரும் எதிர்பாக்கல்ல, நூறு பேருக்கு மேல போயிட்டாங்க. குளக்கோட்டன் கட்டின குளம் உடையுமா என்டு கேட்டுக்கொண்டு இருந்த சனம். இப்பவும் அம்மா குளக்கட்டுப் பக்கம் போனா கட்டுக்கு வெளிப்பக்கத்து அடியைத்தான் பாப்பா, கசிவு இருக்கா, வாற தண்ணி தெளிவா கலங்கலா என்டு. கலங்கி வந்தா உள்ளுக்க மண் கரையுது என்டு அர்த்தமாம்.

கிண்ணியா பொடியன்:

எங்களுக்கு வெள்ளத்தை விட வட்ஸப் வொய்ஸ்தான் கரைச்சல். அணை உடைஞ்சிட்டு ஓடுங்க என்டு ஒருத்தன் அழுது அழுது அனுப்பினான், அது பழைய வொய்ஸ், வேற ஊருடையது. ரெண்டு தரம் ஓடின சனம் மூண்டாம் தரம் உண்மையாச் சொல்லக்குள்ள அசையவே இல்ல. இப்ப நான் அனர்த்த முகாமைத்துவ நிலையத்துட 117க்கு அடிச்சுக் கேக்காம ஒண்டும் ஷெயார் பண்றதில்ல. நீர்ப்பாசனத் திணைக்களம் போடுற ஆத்து நீர்மட்ட அட்டவணையில மன்னம்பிட்டி வரியை மட்டும் பாப்பன், எச்சரிக்கை மட்டம், சிறு வெள்ளம், பெரு வெள்ளம் என்டு மூண்டு நிலை, ரெண்டாவது வந்தா வாப்பாவை ஏத்திருவன். ஆனா ஒரு பிழை விட்டிருக்கன், றோட்டுக்குக் குறுக்கால முழங்கால் அளவுதானே என்டு பைக்கை விட்டு சில்லு இழுபட்டு மதகுக்குள்ள போகப் பாத்தது. பாயுற தண்ணி ஒரு அடி இருந்தாலே சின்னக் காரையும் தூக்கிரும், பைக் எம்மாத்திரம்.

மூதூர் தங்கச்சி:

வெருகல் நாநா, அந்தக் கம்பு இன்னும் இருக்கா?

வெருகல்காரன்:

கம்பு அண்டைக்கே போயிட்டு தங்கச்சி. மருத மரம் நிக்குது, சேத்துக் கோடு என்ட தலைக்கு மேல ரெண்டு முழத்துல. அதுல இப்ப அப்பா ஆணி அடிச்சு வச்சிருக்கார். மாடு மூண்டும் ரெண்டாம் நாள் மேட்டுல புல்லுத் திண்டுகொண்டு நின்டது.