கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வாங்கிய கீறல்கள்: அனுபவப் பகிர்வு

பின்வாசல் (கானாடுகாத்தான்):

எங்கள் செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளைப் பற்றிப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். கார் நிற்பது பின்கட்டில். பின்வாசலின் இரண்டு பக்கமும் கருங்கல் தூண். இடது தூணின் அடியில், அந்தக் காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் தூணை இடிக்காமல் இருக்க நட்டு வைத்த முழங்கால் உயரக் கல் ஒன்று. ஓட்டுபவர் இருக்கையில் உட்கார்ந்தால் தூண் தெரியும், கல் தெரியாது. எனக்கே பதினைந்து வருடப் பழக்கத்தில்தான் அது இருக்கும் இடம் கைக்குத் தெரியும்.

மகளுக்கு எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) வந்து பன்னிரண்டு நாள். செட்டிநாடு ரயில் நிலையம் பக்கம் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் திரும்பினோம். பின்வாசலுக்கு வந்ததும் நான் வண்டியை வாங்கிக்கொள்வதுதான் வழக்கம். அன்று நன்றாக ஓட்டினாள் என்ற மகிழ்ச்சியில் "நீயே உள்ளே விடு" என்றேன்.

கல் என் பக்கம். வண்டி அதை நோக்கிப் போவது எனக்குத் தெரிகிறது. "வலது" என்று சொல்ல வேண்டிய வாய், "இடது, இடது, ஒடி" என்றது. ஒடித்தாள். சொன்னதைத்தானே செய்வாள்?

அம்மி கொத்துகிறவர் உளியைத் தூக்காமல் இழுத்தால் ஒரு சத்தம் வருமே, அதுதான். முன் ஃபெண்டரில் தொடங்கிக் கதவின் பாதி வரைக்கும். அவள் கத்தவில்லை. கைப்பிரேக்கை இழுத்தாள். கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்தாள். எஞ்சினை அணைத்தாள். இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் கற்றுக்கொடுத்த வரிசையில், ஒன்றைக்கூட விடாமல்.

உள்ளேயிருந்து என் ஆத்தா, அண்ணன், ஓடு மாற்ற வந்திருந்த கொத்தனார் எல்லாரும் வந்துவிட்டார்கள். "பிள்ளை இடித்துவிட்டாளா?" என்று அண்ணன் கேட்டார். "ஆமாம், பார்க்காமல் ஒடித்துவிட்டாள்" என்றேன்.

செலவு 8,500 ரூபாய். டிங்கர் வேலை, பட்டி, பெயின்ட். மெட்டாலிக் நீலம் என்பதால், கீறிய இடத்தில் மட்டும் அடித்தால் திட்டாகத் தெரியும் என்று சொல்லிக் கதவு முழுவதும் அடித்தார்கள். அந்தப் பணம் போன இடம் தெரியவில்லை. "ஆமாம்" என்று சொன்னது மட்டும் மூன்று வருடமாகப் போக மாட்டேன் என்கிறது. மகள் இப்போது கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். உரிமம் வாங்கிவிட்டாள், ஓட்டுவதில்லை. ஊருக்கு வந்தாலும் கார் சாவி ஆணியிலேயே தொங்குகிறது.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

தேவகோட்டை ரஸ்தா:

வெளியே கீறல் என்றால் "அடடா" என்று சொல்ல நாலு பேராவது வருவார்கள். எனக்கு விழுந்த அடி வண்டியின் வயிற்றுக்குள்.

மைத்துனனுக்கு ஊரணிக் கரையில் ஏற்றம் பழக்கினேன். ஏற்றத்தில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் பாடம். நேரம் பார்த்து ஒரு மந்தை ஆடு குறுக்கே வந்தது. அவன் கைப்பிரேக் போடவில்லை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மிதித்து, வண்டியை அந்தரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான். ஒரு சாண்கூட உருளவில்லை. கெட்டிக்காரப் பயல் என்று நினைத்துக்கொண்டு நான் கைபேசியில் தலையைக் கவிழ்த்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் நாற்றம். யாரோ பழைய ரப்பர் செருப்பைக் கொளுத்துகிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றிவிட்டேன். ஏற்றியதும் நாற்றம் அதிகமானது. புகை எங்கள் பானெட்டுக்குள்ளிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றும் சேர்த்துத்தான் மாற்றுவார்களாம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றத் தனிக் கூலி. மொத்தம் 7,800. மெக்கானிக் பழைய பிளேட்டை என் கையில் கொடுத்தார். தேய்ந்து, கறுத்து, எண்ணெய் போட்டுப் பழகிய தோசைக்கல் போல வழவழவென்று இருந்தது. "எவ்வளவு ஓடியிருக்கிறது?" என்றார். இருபதாயிரம் கிலோமீட்டர் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் இன்னும் செரிக்க முடியவில்லை.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கால் இரண்டு இருக்கிறதே ஒழிய, எதை எப்போது எடுப்பது என்று தெரிவதில்லை.

கணக்குப்பிள்ளை:

என் கதை சிறியது. மகன் ரிவர்ஸில் போய்க் குப்பைத்தொட்டியில் இடித்தான், பின் பம்பரில் பள்ளம், 2,200 ரூபாய். அதை விடுங்கள்.

பின்வாசல் அவர்களே, காப்பீடு பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. கைக்காசு போட்டது சரியா தவறா என்று இங்கே பலருக்குத் தெரியாது, ஆகவே எழுதுகிறேன். உங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் எடுக்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் தரும் கழிவு) 50 சதவீதத்தில் இருந்தது, சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் கழிவுக்கு முன் ஆறாயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை கிளெய்ம் எடுத்தால் போனஸ் சுழியத்துக்குப் போய், பிறகு 20, 25, 35, 45 என்று ஒவ்வொரு படியாகத்தான் ஏறி 50க்கு வரும். அடுத்த வருடம் மூவாயிரம் கூடுதலாகக் கட்டுவீர்கள். அதற்கடுத்து 1,800, பிறகு 1,500, பிறகு 900, கடைசியாக 300. கூட்டுங்கள், 7,500. இது ஒரு பக்கம். மறுபக்கம், 1,500 சிசி வரையிலான காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் ஆயிரம் ரூபாய் நம்முடையது. தேய்மானக் கழிவு இல்லாத பாலிசி எடுக்காதவர்களுக்கு பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களில் பாதி விலைதான் கிடைக்கும், பெயின்ட் பொருளிலும் பாதி கழியும். 8,500 ரூபாய் பில்லுக்கு கிளெய்ம் போயிருந்தால் கையைக் கடித்திருக்கும். நீங்கள் செய்தது சரி.

அடுத்தது முக்கியம். பெரிய அடியாக இருந்து கிளெய்ம் போக நேர்ந்தால் முதலில் பார்ப்பது மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, மூன்றாம் விதி. பழகுபவரிடம் செல்லுபடியாகும் பழகுநர் உரிமம் இருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம் உள்ளவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்து வேண்டும். நோட்டுத்தாளில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுவதை நான் பார்த்திருக்கிறேன், அது போதாது. அட்டை 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், அடியில் 9 சென்டிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் தடிமன். பழகுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும், தேதியையும் பாருங்கள்.

தேவகோட்டை ரஸ்தா, கிளட்ச் தேய்மானம் எந்தக் காப்பீட்டிலும் வராது. பக்கத்து இருக்கையில் கைபேசி பார்த்தவர், ஓட்டியவனின் கால் கணக்கை எடுக்க வேண்டாம்.

கோட்டையூர் ஆச்சி:

கணக்குப்பிள்ளை சொன்ன கடைசி வரிக்காக அவருடைய முந்தைய முப்பது வரிகளையும் மன்னிக்கிறேன்.

நாற்பத்தேழு வயதில் நான் ஓட்டப் பழகினேன். கற்றுக்கொடுத்தவர் என் வீட்டுக்காரர். அவருக்கு ஒரு பழக்கம், பயம் வந்தால் வாய் பேசாது, கை நீளும். புதுவயல் சாலையில் அரிசி ஆலைக்கு வெளியே நெல் லாரிகள் வரிசையாக நிற்குமே, அங்கே போய்க்கொண்டிருந்தோம். லாரிகளுக்கும் எனக்கும் நடுவில் தாராளமாக இடம் இருந்தது. எதிரே ஒரு பஸ். பஸ்ஸைப் பார்த்ததும் அவர் கை நீண்டு ஸ்டியரிங்கைத் தன் பக்கம் இழுத்தது. இடது பக்கக் கண்ணாடி லாரியின் கட்டையில் பட்டு மடங்கி, கழன்று, ஒயரில் தொங்கியது. தொங்கிக்கொண்டே அதிலிருந்த இன்டிகேட்டர் மின்னிக்கொண்டிருந்தது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் கண்ணாடியின் மூடியைக் கீழே இருந்து எடுத்து, தவிட்டைத் துண்டால் துடைத்து, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டி, "ஆச்சி, இது உங்களுடையதா?" என்று கேட்டார். கோயிலில் விபூதித் தட்டு நீட்டுவது போல. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கண்ணிலும் நீர் வருகிறது.

கண்ணாடி முழுதாக மாற்ற 3,100. வீட்டில் அந்தப் பணத்துக்கு என் பெயர்தான். "இவள் லாரியில் விட்டுவிட்டாள்" என்று சம்பந்திகள் வந்தபோதுகூடச் சொன்னார். அடுத்த வாரமே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அங்கே பக்கத்தில் உட்காருகிறவருக்குத் தனி கிளட்சும் பிரேக்கும் உண்டு, அதனால் அவர் கை சும்மா இருக்கும்.

பின்வாசல் தம்பி, உங்கள் மகள் ஓட்டாமல் இருப்பதற்குக் காரணம் கல் என்றா நினைக்கிறீர்கள்?

எண்பத்தாறு மாடல்:

எல்லாம் பிளாஸ்டிக் வந்ததால் வந்த வினை. நான் பழகியது அம்பாசடரில், கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். பழகிய மூன்றாம் நாள் எங்கள் வீட்டு முகப்புப் படியில் ஏற்றினேன். படிக்கல் பெயர்ந்தது. வண்டியின் இரும்பு பம்பரில் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, துடைத்தேன், போய்விட்டது. ஐயா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உள்ளே வந்து ஓட்டுவதானால் செருப்பைக் கழற்றிவிட்டு வா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

தேவகோட்டை ரஸ்தா:

எண்பத்தாறு மாடல் ஐயா, அந்த இரும்பு பம்பர் அடியை வாங்கி அப்படியே உள்ளே இருக்கிறவர் நெஞ்சுக்கு அனுப்பும். இப்போது பம்பர் நசுங்குவது நம் எலும்பு நசுங்காமல் இருக்கத்தான். படிக்கல்லுக்குப் பதில் ஆள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஆச்சி, நான் மைத்துனனைக் குறை சொன்னது வேடிக்கைக்கு. 7,800ஐயும் கொடுத்தது நான்தான்.

பள்ளத்தூர்ப் பேரன்:

நான் கற்றுக்கொண்டவன் தரப்பிலிருந்து எழுதுகிறேன்.

வண்டி அயித்தானுடையது. வாங்கி நாலு மாதம், வெள்ளை நிறம். செம்மண் பாதையில் எதிரே டிராக்டர் வந்தது, ஒதுங்கினேன். ஒதுங்கிய பக்கம் சீமைக்கருவேலம். முள் கதவில் உரசும் சத்தம் கேட்டதும் நிறுத்தியிருக்க வேண்டும். பதற்றத்தில் கடந்துவிடலாம் என்று நகர்த்தினேன், இரண்டு கதவிலும் சீப்பால் வாரியது போல வரிவரியாக விழுந்துவிட்டது. பெயின்ட் அடி வரை போகவில்லை, ரப்பிங் போட்டுப் பாலிஷ் செய்து 1,600 ரூபாயில் முடிந்தது. நான் பணத்தை நீட்டினேன். "சீ, எடுத்து வை, நமக்குள் என்ன கணக்கு" என்றார்.

அன்றைக்கு வாங்கியிருந்தால் தீர்ந்திருக்கும். அதன் பிறகு வந்த ஒவ்வொரு கல்யாணத்திலும், முன்னோருக்குச் செய்யும் படைப்பிலும், ஒரு அறுபதாம் கல்யாணத்துச் சாந்தியிலும்கூட, பந்தியில் என் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அயித்தான் அவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவது இப்படித்தான்: "இவர்தான் என் வண்டிக்குக் கோலம் போட்டவர்." பாயசம் பரிமாறுகிறவர் வரை சிரிக்கிறார்கள். போன மாதம் அந்த வண்டியையே விற்றுவிட்டார். கோலம் மட்டும் விற்கவில்லை.

கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

பின்வாசல்:

எல்லாருடையதையும் படித்தேன். கோட்டையூர் ஆச்சி கேட்டதற்குப் பதில் எழுதி, அழித்து, மறுபடி எழுதுகிறேன்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. காரை விட்டு நான் இறங்கி முதலில் பார்த்தது கீறலை. இரண்டாவது, அண்ணன் முகத்தை. அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. உண்மையைச் சொன்னால், இங்கே எழுதினால் அவள் எப்படியாவது படித்துவிடுவாள் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவள் இதிலெல்லாம் உறுப்பினரே இல்லை என்று பிறகுதான் நினைவு வந்தது.

தூணடிக் கல்லில் நீலம் இன்னும் இருக்கிறது, விரலால் தடவினால் தெரிகிறது. வெள்ளிக்கிழமை இரவு பஸ்ஸில் வருகிறாள். காலையில் காரைக்குடிக்குப் போய்க் கூட்டி வர வேண்டும். போகும்போது நான் ஓட்டுவேன்.

கோட்டையூர் ஆச்சி:

திரும்பும்போது?

கணக்குப்பிள்ளை:

உரிமம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே 'எல்' அட்டை தேவையில்லை. பாலிசி புதுப்பித்துவிட்டீர்களா?