வின்னிப்பெக் குளிருக்கு பிளாக் ஹீட்டர் அவசியமா?

செந்தூல்வாசி: வேலைக்காகக் கனடாவின் வின்னிப்பெக் நகருக்குச் சென்றிருக்கும் என் மகள், இரவு முழுவதும் காரின் எஞ்சினைச் சூடாக்கும் கருவியான பிளாக் ஹீட்டரை மின்சாரத்தில் செருகி வைக்கிறாள். அங்கே குளிர் மைனஸ் 30 டிகிரிக்கு இறங்கும் என்பது தெரியும். ஆனால் 0டபிள்யூ-20 தர எஞ்சின் எண்ணெய் என்றால், மைனஸ் 35 டிகிரியிலும் எஞ்சினைச் சுழற்றவிடும் அளவுக்கு இளகியிருக்க வேண்டும் என்பதே அந்தத் தரத்தின் விதி. பெட்ரோலைக் காற்றோடு கலந்து தந்த பழைய கார்புரேட்டரின் காலமும் போய்விட்டது. அமெரிக்காவின் வட டகோட்டாவைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1949இல் காப்புரிமை பெற்ற எஞ்சின் சூடாக்கும் கருவியின் வாரிசை, இன்றும் பழக்கத்தால்தான் வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் படுகிறது.

பாயான் லெப்பாஸ்காரன்: ஐயா, நான் கனடாவின் எட்மன்டனில் வேலை செய்து திரும்பியவன். எஞ்சின் சுழலும் என்பதற்குத்தான் எண்ணெயின் தரம் உத்தரவாதம். தேயாமல் சுழலும் என்பதற்கு அல்ல. கடுங்குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால் கூடுதல் பெட்ரோல் உள்ளே பீய்ச்சப்படுகிறது. எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, எண்ணெயோடு கலந்துவிடுகிறது. ஹீட்டர், எஞ்சினின் உடலான பிளாக்கிலுள்ள கூலண்டை, அதாவது குளிர்விப்புத் திரவத்தை, முன்பே சூடாக்குவதால் இந்தக் கட்டம் சுருங்குகிறது, கண்ணாடியில் படிந்த உறைபனியும் விரைவில் கரைகிறது.

செந்தூல்வாசி: குளிரில் கார் கிளம்பாமல் போவதற்குப் பெரும்பாலும் பேட்டரிதான் காரணம். ஹீட்டர் அதற்கு எந்தச் சூடும் தருவதில்லையே! அந்தப் பணத்தில் நல்ல பேட்டரி ஒன்றை வாங்கலாம்.

பாயான் லெப்பாஸ்காரன்: சூடு தராது, உண்மை. ஆனால் குளிரில் பேட்டரியின் வலு குறையும் அதே வேளையில், விறைத்த எஞ்சின் அதனிடம் கூடுதல் வலுவைக் கேட்கிறது. ஹீட்டர் குறைப்பது அந்தக் கூடுதல் தேவையை. நல்ல பேட்டரியும் வேண்டும், ஹீட்டரும் வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வயர்மேன்: எண்ணெயையும் பேட்டரியையும் பற்றிப் பேசும் இருவரும் நேரத்தை மறந்துவிட்டீர்கள். 600 வாட் ஹீட்டர் பத்து மணி நேரம் ஓடினால் ஆறு யூனிட். மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு யூனிட்டுக்கும் குறைவு. கிளம்புவதற்கு முன் இரண்டிலிருந்து நான்கு மணி நேரம் போதும். அதற்குப் பிறகு ஹீட்டர் தரும் வெப்பத்தை வெளிக்காற்றே வாங்கிக்கொள்கிறது. வெளிப்புறத்துக்கான டைமர் ஒன்று வாங்கச் சொல்லுங்கள். இன்னொன்று: இங்கே மலேசியாவில் சுமார் 240 வோல்ட், அங்கே 120 வோல்ட். அதே 600 வாட்டுக்கு இங்கே இரண்டரை ஆம்பியர் என்றால் அங்கே ஐந்து. ஆகவே மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர் சூடேறும், சாதாரண பிளாஸ்டிக் உறையோ குளிரில் விரிசல் விடும். பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய வயரைப் பெட்டியில் கொண்டுபோயிருந்தால், அது பெட்டியிலேயே இருக்கட்டும். குளிர் தாங்கும், மூன்று முனையுள்ள வயர்தான் வேண்டும்.

செந்தூல்வாசி: டைமர் நியாயமான யோசனை. ஆனால் பகல் முழுவதும் அலுவலக வாசலில் ஹீட்டரின்றி நின்ற கார் மாலையில் தகராறின்றிக் கிளம்புகிறது என்று மகளே சொல்கிறாள். அப்படியானால் காலையில் மட்டும் எதற்கு?

பாயான் லெப்பாஸ்காரன்: பின்னிரவின் குளிர் பகலில் இருக்காது என்பது ஒரு காரணம். கிளம்புகிறது என்பதற்காக உள்ளே தேய்மானம் இல்லை என்றும் ஆகாது. அங்குள்ள பல அலுவலகங்களின் வாகன நிறுத்துமிடத்தில் பிளக் பாயிண்ட் வைத்த கம்பங்கள் உண்டு. சில இடங்களில் செலவைக் குறைக்க விட்டுவிட்டு மின்சாரம் தருவார்கள். அவள் நிறுத்துமிடத்திலும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

செந்தூல்வாசி: கேட்கிறேன். இருந்தாலும், குளிர் மைனஸ் 15 டிகிரியை எட்டாத நாளில் எதையும் செருக வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறேன்.