செல்போனில் வரும் மருந்துச் சீட்டில் முத்திரை எங்கே குத்துவது?

மெடிக்கல் வைத்திருக்கும் நண்பர்களே, ஒரு சந்தேகம். இப்போது நிறைய பேர் டாக்டர் அனுப்பிய சீட்டை வாட்ஸ்அப்பில்தான் காட்டுகிறார்கள். கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், அந்த மட்டில் நிம்மதி. ஆனால் காகிதச் சீட்டென்றால் மருந்து கொடுத்த தேதியோடு கடை முத்திரை குத்திவிடுவோம்; அடுத்த கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பிடிஎஃப்பில் என்ன செய்வது?

ஷெட்யூல் எச்1 மருந்துகளை (சில ஆன்டிபயாடிக் போன்ற, கூடுதல் கட்டுப்பாடு உள்ளவை) தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்கிறோம், சரி. அதே சீட்டை நாலு கடையில் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கினால்? 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதல், ஆன்லைனில் பார்த்து ஷெட்யூல் எக்ஸ் மருந்து (அதைவிடக் கடுமையான கட்டுப்பாடு உள்ளவை) எழுதக் கூடாது என்கிறது. மற்ற மருந்துகளுக்கு ஒரே சீட்டைத் திரும்பத் திரும்பக் காட்டுவதை எப்படித் தடுப்பது?

நீங்கள் பிரின்ட் எடுத்து முத்திரை குத்துகிறீர்களா, டாக்டருக்கு போன் போட்டுக் கேட்கிறீர்களா? மருந்து ஆய்வாளர் வந்தபோது எதைக் காட்டினீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.