உத்திரமேரூர்க் கட்டுரையின் இணைப்புகள்

பெரியப்பா, காலை 7:12
அனைவருக்கும் வணக்கம். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றிய கட்டுரையை ஏறத்தாழ முடித்துவிட்டேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகளின் வாசகம், அவை இருக்கும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரின் படம், பழைய நூலொன்றின் ஸ்கேன் பிரதி என்று பலவற்றுக்கும் இணைப்புக் கொடுத்திருக்கிறேன். சில தளங்களில் இணைப்பின்மேல் மவுஸை வைத்தால் சிறு பெட்டியில் விளக்கம் தோன்றுகிறதே, அதுபோல என் கட்டுரையிலும் வர வேண்டும். எப்படிச் செய்வது, கதிர்?

கதிர், காலை 7:40
எளிதுதான், பெரியப்பா. கட்டுரையை, இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழியான எச்டிஎம்எல் வடிவில் திறந்தால், ஒவ்வோர் இணைப்பும் ‘ஏ’ என்னும் குறியில் தொடங்குவதையும், ‘எச்ரெஃப்’ என்பதற்கு அடுத்து முகவரி இருப்பதையும் காண்பீர்கள். முகவரியின் மேற்கோள்குறி முடிந்ததும் ஓர் இடைவெளி விட்டு, ஆங்கில எழுத்தில் ‘டைட்டில்’ என்று எழுதி, சமக்குறி இட்டு, இரட்டை மேற்கோளுக்குள் விளக்கத்தை எழுதுங்கள். அந்த விளக்கத்துக்குள் இன்னோர் இரட்டை மேற்கோள் வந்துவிடக் கூடாது. வந்தால் விளக்கம் அங்கேயே முடிந்துவிட்டதாக உலாவி எடுத்துக்கொள்ளும், மீதி தோன்றாது. நூற்பெயருக்கு ஒற்றை மேற்கோள் இடுங்கள்.

பெரியப்பா, காலை 7:48
விளக்கம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

கதிர், காலை 8:03
இணையப் பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1998ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 80 எழுத்துகளுக்குள் இருக்க வேண்டும், 60ஐத் தாண்டுவதே அரிதாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவு. அது ஆங்கிலத்துக்கான கணக்கு. தமிழில் ஆறேழு சொற்களுக்குள் முடித்துக்கொள்ளலாம். இணைப்பைச் சொடுக்குவதற்கு முன்பே, எங்கே போகப் போகிறோம் என்பது வாசகருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கோமதி அத்தை, காலை 8:31
அண்ணா, நோக்கம் நல்லது. ஆனால் அந்தப் பெட்டி என்னை வந்தடைவதில்லை. கண்பார்வை இல்லாத நான் என்விடிஏ மென்பொருள் வாசிப்பதைக் கேட்டே படிக்கிறேன். தொடர்ந்து வாசிக்கும்போது அது இந்த விளக்கங்களைப் பெரும்பாலும் சொல்லாமல் கடந்துவிடும். டேப் விசையால் இணைப்பு இணைப்பாக நகரும்போது சில இடங்களில் சொல்லும். எனக்கு உண்மையில் உதவுவது வேறொன்று. இன்சர்ட் விசையோடு எஃப் 7 விசையை அழுத்தினால், பக்கத்தில் உள்ள இணைப்புகள் அனைத்தும் ஒரே பட்டியலாக வரும். நேற்று நீங்கள் அனுப்பிய வரைவில் அந்தப் பட்டியலைத் திறந்தேன். ‘இங்கே’, ‘இங்கே’, ‘இதில்’, ‘இங்கே’ என்றே வாசித்தது. எது கோயிற்படம், எது கல்வெட்டு வாசகம் என்று அறிய, ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் போய் அந்த வாக்கியத்தை முழுவதும் கேட்க வேண்டியிருந்தது.

மலர், காலை 8:44
பெரியப்பா, கைபேசியில் படிப்பவர்களுக்கும் இதே நிலைதான். விரலால் தொட்டால் இணைப்பு உடனே திறந்துவிடும். மேலே நிறுத்திப் பார்க்க மவுஸ் இல்லை. நம் குழுவில் உங்களைத் தவிர எல்லோரும் கைபேசியில்தான் படிப்போம்.

பெரியப்பா, காலை 9:10
நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் விளக்கம் முழுவதையும் வாக்கியத்துக்குள்ளேயே கொண்டுவந்தால் உரைநடையின் ஓட்டம் கெட்டுவிடுமே! அதைத் தவிர்க்கத்தானே இந்தப் பெட்டியைத் தேடினேன்?

கதிர், காலை 9:35
ஓட்டம் கெடாது, பெரியப்பா. சொற்களைக் கூட்டவே வேண்டியதில்லை. “கல்வெட்டின் முழு வாசகத்தை இங்கே காணலாம்” என்று எழுதி, இணைப்பை ‘இங்கே’ என்பதில் கொடுத்திருக்கிறீர்கள். ‘இங்கே’ என்பதை எடுத்துவிட்டு, அதே இணைப்பைக் ‘கல்வெட்டின் முழு வாசகத்தை’ என்பதற்கு மாற்றுங்கள். வாக்கியம் முன்பைவிடச் சிறியதாகிவிடும்.

2008இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.0 என்னும் அணுகல்தன்மை நெறிமுறைகளிலும் (மாற்றுத்திறனாளிகளும் இணையத்தைப் பயன்படுத்துவதற்கானவை) இது இருக்கிறது. இணைப்பின் நோக்கம், இணைப்புச் சொற்களிலிருந்தோ அவை அமைந்துள்ள வாக்கியம் போன்ற சூழலிலிருந்தோ விளங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை நிலை. சூழலின் துணையின்றி, இணைப்புச் சொற்களே அதை உணர்த்த வேண்டும் என்பது மிக உயர்ந்த நிலை. அத்தை பயன்படுத்தும் பட்டியலுக்கு இந்த இரண்டாவதுதான் வேண்டும். ‘டைட்டில்’ பண்பை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று எச்டிஎம்எல் தர ஆவணமே சொல்கிறது.

பெரியப்பா, காலை 9:41
அப்படியானால் அந்தப் பெட்டியை விட்டுவிடலாமா?

கதிர், காலை 9:58
முழுவதும் விட வேண்டாம். தெரியாமற்போனாலும் வாசகருக்கு இழப்பில்லை என்னும் செய்தியை மட்டும் அதில் வையுங்கள்: பதிப்பித்தவர் யார், எந்த ஆண்டுப் பதிப்பு என்பன போன்றவை. இணைப்புச் சொற்களையே அதில் திரும்ப எழுதாதீர்கள். சில மென்பொருள்கள் ஒரே செய்தியை இருமுறை வாசிக்கும். நூலின் ஸ்கேன் பிரதி பிடிஎஃப் கோப்பு என்பதையும் அதன் அளவையும் பெட்டியில் ஒளிக்காமல், இணைப்பிலேயே எழுதிவிடுங்கள். பெரிய கோப்பு என்பது தரவிறக்கத் தொடங்கிய பிறகு தெரிவதில் பயனில்லை.

மலர், காலை 10:06
கோயிற்சுவரின் படத்துக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறீர்கள் அல்லவா, அங்கே சொற்களே இல்லை. படத்துக்கு மாற்றாக எச்டிஎம்எல்லில் எழுதும் ‘ஆல்ட்’ விளக்கம்தான் அங்கே இணைப்புச் சொல்லாக வாசிக்கப்படும். அது வெறுமையாக இருந்தால், மென்பொருள் கோப்பின் முகவரியை எழுத்தெழுத்தாகப் படிக்கத் தொடங்கிவிடலாம். “வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டுச் சுவர், பெரிய அளவுப் படம்” என்று எழுதிவிடுங்கள்.

பெரியப்பா, மாலை 4:20
எல்லா இணைப்புகளையும் மாற்றிப் புதிய வரைவை அனுப்பியிருக்கிறேன். கோமதி, நீ ஒருமுறை கேட்டுப் பார்த்துச் சொல்லம்மா.

கோமதி அத்தை, மாலை 5:02
கேட்டேன் அண்ணா. பட்டியலிலிருந்தே எனக்கு வேண்டியதற்கு நேராகப் போக முடிகிறது. படமும் இப்போது பெயரோடு வருகிறது. ஒன்று மட்டும் திருத்த வேண்டும்: ‘கல்வெட்டின் முழு வாசகம்’ என்று இரண்டு இணைப்புகள் இருக்கின்றன, ஆனால் அவை வெவ்வேறு பக்கங்களுக்குப் போகின்றன.

பெரியப்பா, மாலை 5:15
ஒன்று பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு, மற்றொன்று 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு. இரண்டு இணைப்புகளிலும் ஆட்சியாண்டைச் சேர்த்துவிட்டேன். பதிப்பாசிரியர் பெயரை மட்டும் பெட்டியில் வைத்திருக்கிறேன். நாளைக் காலை வெளியிடுகிறேன்.