காய்ச்சலில் ஏறும் சர்க்கரை: ஹான்டா, எலிக்காய்ச்சல் பார்த்தவர்கள் பகிருங்கள்

ஷியானில் மருத்துவம் படித்தவர்:

சீனாவின் ஷியான் நகரில் நான் பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில், அறுவடை முடிந்து குளிர் தொடங்கிவிட்டால் தொற்றுநோய்ப் பிரிவில் கட்டில் கிடைக்காது. சுற்றிலும் வெய் ஆற்றுச் சமவெளி வயல்கள். முதுகில் கருங்கோடு ஓடும் வயலெலிதான் ஹான்டா வகையைச் சேர்ந்த ஹான்டான் வைரஸைச் சுமக்கிறது. அதன் சிறுநீரும் புழுக்கையும் காய்ந்து தூசியோடு மூச்சில் ஏறினால் போதும். முகம், கழுத்து, மார்பு சிவந்து, குடித்துவிட்டு வந்தவர்களைப் போல நோயாளிகள் வருவார்கள். தலை, இடுப்பு, கண்குழி மூன்றும் வலிக்கும்.

அப்படி வந்த ஒரு விவசாயிக்கு விரல்நுனி ரத்தத்தில் சர்க்கரை 268. தனக்குச் சர்க்கரை நோயே கிடையாது என்று அவர் சாதித்தார். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பார்த்தோம், 5.5. அவர் சொன்னதுதான் சரி. அன்று மாலையே ரத்த அழுத்தம் சரிந்தது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மளமளவென இறங்கின. பிறகு சிறுநீர் நின்று டயாலிசிஸ் வரை போயிற்று.

இந்த நோயில் ரத்தக் குழாய்ச் சுவர்கள் கசிகின்றன. உடல் அதைப் பேரிடராக எடுத்துக்கொண்டு கார்ட்டிசால், அட்ரினலின் என்ற அவசரகால ஹார்மோன்களைக் கொட்டுகிறது. கல்லீரல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது. மருத்துவமனையில் சேர்க்கும்போதே சர்க்கரை கூடியிருப்பவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதைச் சீன ஆய்வுகளும் கண்டிருக்கின்றன. எங்கள் பேராசிரியர் அந்தச் சர்க்கரை எண்ணைத் தட்டணு எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே எழுதச் சொல்வார். அது சர்க்கரை நோயாளிக்கு மட்டுமான கணக்கு என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. எனக்கும்தான்.

தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒருவர்:

எங்கள் வீட்டில் வந்தது ஹான்டா அல்ல, எலிக்காய்ச்சல். அது வைரஸ் இல்லை, லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியா. நடவு வயலில் நின்ற என் கணவருக்குக் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, காய்ச்சல். அவருக்கு ஏற்கெனவே சர்க்கரை உண்டு, மாத்திரையில் அடங்கியிருந்தது. மருத்துவமனையில் 340 என்றார்கள். பார்க்க வந்த உறவுக்கூட்டம் முழுவதும், முந்தின வாரம் கல்யாண வீட்டில் அவர் தின்ற லட்டையே பேசிக்கொண்டிருந்தது. நாத்தனார் எண்ணிக்கையே சொன்னார்! பென்சிலின் ஏறி, காய்ச்சல் விட்டதும் இன்சுலின் தேவை தானாகக் குறைந்தது. அப்போது அவர் சாப்பிட்டது மருத்துவமனைக் கேன்டீன் ரவா உப்புமா. லட்டுக்காரர்கள் அதற்கு விளக்கம் சொல்லவில்லை.

சிறுநீரகம் பாதித்திருந்ததால் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை முதல் நாளே நிறுத்திவிட்டார்கள். வீட்டிலிருந்து மாத்திரை டப்பாவோடு போகிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷியானில் மருத்துவம் படித்தவர்:

சரியாகச் சொன்னீர்கள் அம்மா. இன்னொன்றும் உண்டு. இன்சுலினில் ஒரு பங்கைச் சிறுநீரகம்தான் அகற்றுகிறது. சிறுநீர் குறையும் கட்டத்தில் பழைய அளவையே போட்டால் அது உடலில் தங்கிவிடும். நீண்ட நாள் சர்க்கரை நோயாளி ஒருவர் விடியற்காலையில் வியர்த்து, கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விழித்தார், சர்க்கரை 46. குளுக்கோஸ் ஏற்றியதும் பேசினார். அதன்பின் சிறுநீர் பெருகும் கட்டம் வரும், நாளுக்கு மூன்று லிட்டருக்கு மேல் போகும். சிறுநீரகம் தேறி வருவதால் போகிறதா, சர்க்கரை கூடியதால் போகிறதா என்று பார்த்துத்தான் திரவம் ஏற்ற வேண்டும்.

வேலூர் ஆய்வகப் பணியாளர்:

நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1964இல் வேலூர் தோட்டப்பாளையத்தில் பிடித்த மூஞ்சூறிலிருந்து ஒரு வைரஸ் பிரிக்கப்பட்டது. அந்த இடத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். கொரியாவில் லீ ஹோ வாங் 1976இல் ஹான்டான் வைரஸைக் கண்டறிந்ததற்கு முந்தியது இது. ஹான்டா வகை என்று பிற்பாடுதான் தெரிந்தது. மனிதருக்கு நோய் தருவதாக நிறுவப்படவில்லை, பயம் வேண்டாம்.

காய்ச்சலோடு தட்டணு குறைந்து, சிறுநீரில் புரதம் போய், டெங்கு, எலிக்காய்ச்சல் இரண்டும் இல்லை என்று முடிவு வந்தால், எலி நடமாடும் கிடங்கிலோ வயலிலோ வேலை செய்தீர்களா என்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். சாம்பிள் சீட்டில் அந்த வரி இருந்தால்தான் அடுத்த பரிசோதனைக்கு நாங்கள் போவோம்.